பா-ஸ்தாவா, பஸ்-தாவா? பலெர்மோவில் ஆறு சனிக்கிழமை வகுப்பு

மகளின் கொப்பியில் சிவப்புப் பேனை விழுந்தது என்னால்தான். இரண்டாம் வகுப்பு இத்தாலியன் வீட்டுப்பாடம். பத்துச் சொற்களை அசை அசையாகப் பிரித்து எழுதவேண்டும். 'ஃபினெஸ்த்ரா' என்றால் யன்னல். நான் கறியைக் கிளறிக்கொண்டே "ஃபி-னெஸ்-த்ரா" என்று சொல்லிவிட்டேன். என் காதுக்கு அப்படித்தான் விழுகிறது. கோட்டைக்குச் சொல்லும் 'கஸ்-தெல்-லோ', இது என்பதற்குச் சொல்லும் 'குவெஸ்-தோ' இரண்டையும் அதே கணக்கில்தான் பிரித்துக் கொடுத்தேன். அடுத்த நாள் மூன்றுக்கும் பிழை போட்டு, ஃபி-னெ-ஸ்த்ரா, க-ஸ்தெல்-லோ, குவெ-ஸ்தோ என்று திருத்தி வந்தது. "நீங்கள் சொல்லித்தானே அம்மா எழுதினனான்" என்று அவள் மூக்கைச் சிந்தினாள். சிசிலித் தீவின் தலைநகரான இந்தப் பலெர்மோவுக்கு வந்து 14 வருடம். சந்தையில் பேரம் பேசுவேன், கந்தோரில் சண்டை பிடிப்பேன். எழுத உட்கார்ந்தால் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தக் கிழமையே பல்லாரோச் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு கதவில் துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தது. வெளிநாட்டுக்காரருக்கு இத்தாலியன் உச்சரிப்பு. சொல்லைப் பிரித்தல், அழுத்தம் வைத்தல். ஆறு சனிக்கிழமை, காலை 10 மணி முதல் 11.30 வரை, 60 யூரோ. போய்ச் சேர்ந்தேன். இங்கே இருக்கும் எங்கட ஆக்கள் சிலர் "எப்படி, போகலாமோ?" என்று கேட்டபடியால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிற ஆக்கள் இத்தாலியன் தெரியும் என்பதற்கு பி1 என்கிற இடைநிலைச் சான்றிதழ் காட்டவேண்டும் என்று 2018இல் சட்டம் வந்தது. அந்தச் சோதனைக்கு ஆயத்தப்படுத்த இந்த வகுப்பு உதவாது. அதற்கு அரசாங்கத்தின் வளர்ந்தோர் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. காசில்லாமலோ சொற்பக் காசுக்கோ படிக்கலாம். இங்கே இலக்கணம் இல்லை, கடிதம் எழுதப் பழக்குவது இல்லை. ஒரு சொல்லை எங்கே உடைப்பது, எங்கே அழுத்துவது, அவ்வளவுதான்.

படிப்பிப்பவ ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எல்லோரும் 'மயெஸ்த்ரா' என்றுதான் கூப்பிட்டோம். வந்தவர்கள் பதினொரு பேர். என்னைப்போலத் தமிழ்ப் பெண் இன்னொருவர், வங்காளதேசத்துப் பெடியன்கள் நாலு பேர், கானாவில் இருந்து வந்த ஒரு பெரியவர், மிச்சம் ருமேனியப் பெண்கள். முதல் நாள் முழுக்கக் கைதட்டு. அசைக்கு ஒரு தட்டு. சொல்லில் எத்தனை தட்டோ அத்தனை அசை. அசை என்றால் உள்ளே ஓர் உயிர் இருந்தே ஆகவேண்டும். வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர், "அறுபது யூரோ குடுத்துக் கைதட்டப் போறீரோ?" என்றார். எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது.

இரண்டாம் வாரம் இரட்டை மெய். அன்று நாங்கள் இரண்டு தமிழ்ப் பெண்களும் ராணிகள். ஒரே மெய் இரண்டாக வந்தால் நடுவில் உடைக்கவேண்டும்: மம்-மா, பல்-லா, கத்-தோ. தண்ணீரை 'அக்-குவா' என்று பிரிக்கவேண்டும். படத்துக்கும் பட்டத்துக்கும் வித்தியாசம் தெரிந்த நாக்குக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. கானாப் பெரியவர்தான் பாவம். 'ஸெத்தெ' என்றால் ஏழு, 'ஸேதெ' என்றால் தாகம். ஏழு யூரோ என்று சொல்ல வெளிக்கிட்டு, "தாகம் யூரோ" என்று ஆறு தரம் சொன்னார். மயெஸ்த்ரா சளைக்காமல் அவருடைய கையைப் பிடித்துத் தட்டவைத்தா. 'ஸொக்-குவா-த்ரோ' என்று ஒரு சொல்லும் காட்டினா. எல்லாம் தலைகீழாய்க் கிடக்கிற குழப்பம் என்று பொருள். 'கூ' என்கிற எழுத்து இரட்டித்து வரும் சொல் கிட்டத்தட்ட இது ஒன்றுதானாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சொல்வதெழுதலில் மாட்டிவைக்கிற சொல்.

பிறகு என்னுடைய யன்னலுக்கு வந்தோம். சட்டம் இதுதான்: ல, ம, ன, ர ஒலிகளுக்குப் பின்னால் வேறு மெய் வந்தால் இரண்டும் பிரியும்: அல்-பெர்-கோ, கம்-போ, கன்-தோ, போர்-தா. ஆனால் 'ஸ்' என்பது அப்படி இல்லை. அடுத்த மெய்யோடு ஒட்டிக்கொண்டு அடுத்த அசைக்குப் போய்விடும். ஏன் என்று கேட்டால், 'ஸ்த்ராதா' என்று ஒரு சொல் 'ஸ்த்ர'விலேயே தொடங்குகிறதே, அப்படித் தொடங்க முடிந்த கூட்டத்தை உடைக்காதே என்கிறா. 'ர்த'வில் எந்தச் சொல்லும் தொடங்காது, ஆகவே போர்-தாவை உடை. 'தெக்-னி-கோ'வும் அப்படித்தான். 'மா-த்ரெ', 'அ-ப்ரீ-லெ' உடையாது. இந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு பாதிக் கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். தமிழில் எழுதும்போது வரி முடிந்தால், அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இங்கே வரி முடிவில் சிறு கோடு போட்டு, அசையின் எல்லையில்தான் முறிக்கவேண்டும். 'அ காபோ' என்பார்கள். இத்தாலியப் பிள்ளைகளின் முதல் இரண்டு வருடப் பயம் இது.

இதிலே ஒரு வேடிக்கை. புத்தகத்தை 'லி-ப்ரோ' என்று பிரிக்கவேண்டும் என்று பலகையில் எழுதிவிட்டு, வாயால் "லிப்ப்ரோ" என்று அழுத்திச் சொல்கிறா மயெஸ்த்ரா. சிசிலிக்காரர் வாயில் அந்த ஒலி உயிருக்குப் பின்னால் வந்தால் பெரும்பாலும் தானாகவே தடித்துவிடும். நாங்கள் அவவின் வாயைப் பார்த்து 'லிப்-ப்ரோ' என்று எழுதினோம். கொப்பிகளைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தா. "நான் சொல்வதை எழுதாதேங்கோ, நான் எழுதுவதை எழுதுங்கோ" என்றா. பதினொரு பேரும் சிரித்தோம். நல்ல ஆசிரியை என்று நான் முடிவெடுத்தது அந்த நிமிடத்தில்தான்.

உயிரும் உயிரும் சந்திக்கிற இடம் மூன்றாம் வாரம். இது எங்களுக்குக் கஷ்டம். சிசிலியா என்றால் மூன்று தட்டு, சி-சி-லியா. ரொஸலியா என்றால் நாலு தட்டு, ரொ-ஸ-லி-யா, அழுத்தம் 'லி'யில். எழுத்தில் இரண்டின் வாலும் ஒன்று. 'இ'யில் அழுத்தம் விழாவிட்டால் அது அடுத்த உயிரோடு கரைந்து ஒரே அசையாகிவிடும். விழுந்தால் தனி அசையாக நிமிர்ந்து நிற்கும். ஃபர்மசீயா, பிஸ்ஸெரீயா எல்லாம் நிமிர்ந்து நிற்கிற கூட்டம். இங்கே இருக்கிற தமிழருக்கு சாந்தா ரொஸலியா யார் என்று சொல்லத் தேவையில்லை. 1624 கொள்ளைநோயில் ஊரைக் காப்பாற்றியவ என்று பலெர்மோக்காரர் நம்பும் தாய். சைவம், வேதம் (கிறிஸ்தவம்) என்று பாராமல் ஞாயிற்றுக்கிழமைகளில் மொன்தே பெல்லெக்ரீனோ மலையேறிப் போய்க் கும்பிடுகிறோம். இத்தனை வருடமும் அந்தத் தாயின் பெயரை மூன்று தட்டில் விழுங்கித்தான் மன்றாடியிருக்கிறேன். கேட்டதெல்லாம் தந்தவதான், ஆனாலும் மனதுக்கு ஒரு மாதிரி இருந்தது.

கடைசி மூன்று வாரமும் அழுத்தம். காசுக்குப் பெறுமதியான பகுதி இதுதான். கடைசி அசையில் அழுத்தம் விழுகிற சொல் 'த்ரொங்கா', வெட்டுப்பட்டது. கடைசிக்கு முந்தியதில் விழுந்தால் 'பியானா', சமதரை. அதற்கும் முந்தியதில் விழுந்தால் 'ஸ்த்ருச்சொலா', வழுக்கல். மயெஸ்த்ரா சிசிலி வரைபடத்தை மேசையில் விரித்து ஊர்ப்பெயர்களை மூன்று கூடையாகப் பிரிக்கச் சொன்னா. செஃபலூ, எங்கள் பல்லாரோ எல்லாம் வெட்டு. பலெர்மோ, மெஸ்ஸீனா, கதானியா, சிரகூஸா சமதரை. த்ராபனி, ஊஸ்திகா, லீபரி வழுக்கல்.

த்ராபனியில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. வந்த புதிதில் பஸ் ரிக்கெற் வாங்கும் இடத்தில் "திரபாணி, திரபாணி" என்று நான் மூன்று தரம் சொல்லியும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவருக்கு விளங்கவில்லை. என் தமிழ் வாய்க்கு 'பா'வில் இழுத்தால்தான் ஊர் மாதிரி இருந்தது. கடைசியில் கடதாசியில் எழுதிக் காட்டினேன். எழுத்திலே அழுத்தக்குறி கிடையாதபடியால் அவருக்கு உடனே விளங்கிவிட்டது! கேட்டு விளங்காதது பார்த்து விளங்கும். இந்த மொழியின் கோளாறே அதுதான். கடைசி அசையில் விழுந்தால் மட்டும்தான் குறி போட்டே ஆகவேண்டும். வேறெங்கு விழுந்தாலும் பெரும்பாலும் வெறும் எழுத்துத்தான், தெரிந்தவன் தெரிந்துகொள்வான். ஓரசைச் சொற்களுக்குத் தனி வழக்கு. 'க்வி', 'க்வா' என்றால் இங்கே. இரண்டிலும் குறி வராது என்பதற்கு ஓர் எதுகைப் பாட்டு என் மகளுக்கே தெரியும். "சு க்வி எ சு க்வா, லச்சென்தோ நொன் வா" என்று குளிக்கும்போது பாடுகிறாள்.

ஒரே எழுத்தில் மூன்று சொல் இருக்கிறது என்று பலகையில் 'கபிதனோ' என்று எழுதினா. முதல் அசையில் அழுத்தினால் 'நேர்கின்றன'. மூன்றாவதில் அழுத்தினால் கப்பல் தலைவன். கடைசியில் அழுத்திக் குறியும் போட்டால் 'தலைமை தாங்கினான்'. அன்று எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்து வெட்கமாகப் போய்விட்டது. நான் பராமரிக்கிற பாட்டிக்கு மத்தியானம் சூப் ஊட்டுவேன். இன்னும் வேணுமா என்று கேட்கவேண்டிய இடத்தில் 'அங்கொரா?' என்பேன். நடு அசையை அழுத்தினால்தான் அது 'இன்னும்'. நான் அழுத்தியது முதல் அசையை. அப்படி அழுத்தினால் நங்கூரம். இரண்டு வருடமாக, கரண்டியை நீட்டி நீட்டி, "நங்கூரம்?" என்று கேட்டிருக்கிறேன். அந்த மனுசி ஒருநாளும் திருத்தவில்லை, வாயைத் திறந்து சூப்பைக் குடித்திருக்கிறா. திங்கட்கிழமை போய் ஒழுங்காகச் சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப கப்பல் வெளிக்கிட்டிட்டுது" என்றா.

எந்தச் சொல்லுக்கு எங்கே விழும் என்பதற்கு முழுச் சட்டம் இல்லை. அதை அவ மறைக்கவில்லை. குறுக்குவழிகள் தந்தா, அவையே போதும்போல் இருக்கிறது. 'ஸியோனெ' என்று முடிந்தால் 'ஓ'வில். 'இஸ்ஸிமோ' என்று முடிந்தால் வழுக்கல். 'மென்தெ' என்று முடிந்தால் சமதரை. கடைசிக்கு முந்திய அசை மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் அங்கேதான் விழும். ஆனால் வாதுமைக்கொட்டைக்குச் சொல்லும் 'மன்-தொர்-லா' முதல் அசையில் விழுந்து அந்தச் சட்டத்தைக் குலைக்கும். வினைச்சொல்லில் எனக்குப் பெரிய உதவி இது: ஒருவன் செய்கிறபோது எங்கே அழுத்தமோ, பலர் செய்கிறபோதும் அங்கேயேதான். 'பார்லா', பேசுகிறான், 'பார்லனோ', பேசுகிறார்கள். நாங்கள் எல்லோரும் 'பர்லானோ' என்று நடுவில் இழுக்கிறோம். கேட்டவுடனேயே வெளிநாட்டுக்காரர் என்று காட்டிக்கொடுப்பது அதுதான். 'தெ-லே-ஃபொ-ன-னோ', தொலைபேசியில் அழைக்கிறார்கள், கடைசியில் இருந்து நாலாவதில். 'அதை எனக்குச் செய்துகொடு' என்பதற்கு 'ஃபப்-ப்ரி-க-மெ-லோ', அழுத்தம் முதல் அசையில், பிறகு நாலு அசை வழுக்கிக்கொண்டே போகும். கானாப் பெரியவர் அதைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார்.

எனக்குப் பொறி தட்டியது ஐந்தாம் சனிக்கிழமை. கொப்பியில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். பார்த்தால் அழுத்தம் விழுகிற உயிர் சில இடத்தில் நெடிலாக வருகிறது, சில இடத்தில் குறிலாகவே நிற்கிறது. கா-ஸா, வீடு. கஸ்-ஸா, காசு கட்டும் இடம். பா-லா, மண் அள்ளும் சவள். பல்-லா, பந்து. அழுத்தம் விழுந்த அசை உயிரில் முடிந்தால் நெடில். மெய்யில் முடிந்தால் குறில். சொல்லின் கடைசியில் விழுந்தால் மட்டும், எவ்வளவு அழுத்தினாலும் குறில்தான். அழுத்தம் விழாத உயிர் இழுபடவே கூடாது. அங்கேதான் எங்கட ஆக்களின் குறையே இருக்கிறது. தமிழில் சொற்கள் ஒகரக் குறிலில் முடிவதில்லை. ஆகவே 'ஓ' என்று எல்லாவற்றின் வாலையும் இழுத்துவிடுகிறோம். நான் இந்தக் கட்டுரை முழுக்கப் பலெர்மோ என்றுதான் எழுதியிருக்கிறேன். வாய்க்குச் சரியானது பலெர்மொ. எழுதிப் பாருங்கள், தமிழ்க் கண்ணுக்கு அது குறைப்பிரசவம் மாதிரி இருக்கும்.

அப்படியானால் பஸ்தா என்னாகிறது? கொப்பிச் சட்டப்படி பா-ஸ்தா. முதல் அசை உயிரில் முடிகிறது, அழுத்தமும் அங்கேதான். நெடிலாக வரவேண்டும். ஆனால் எந்த இத்தாலியனும் 'பாஸ்தா' என்று இழுத்து நான் கேட்டதில்லை. நறுக்கென்று 'பஸ்தா' என்கிறான். கேட்டேன். மயெஸ்த்ரா வாயைத் திறந்து ஒருக்கால் சொல்லிப் பார்த்தா. பிறகு கையைத் தட்டிச் சொல்லிப் பார்த்தா. தட்டு 'பஸ்' என்பதோடு முடிந்தது. திரும்பவும் தட்டினா, திரும்பவும் 'பஸ்'. "கைக்கு ஒரு சட்டம், வாய்க்கு ஒரு சட்டம், பிள்ளை" என்று சிரித்துவிட்டா. ஒலியியல் படித்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்: எழுத்தில் 'ஸ்' அடுத்த அசைக்குப் போகும், வாயில் அது முந்திய அசையை மூடும். குளியலறைக்குச் சொல்லும் 'பஞ்ஞோ'வும் அப்படியே. கொப்பியில் 'ஞ' முழுவதும் இரண்டாம் அசைக்குப் போகும், வாயில் இரண்டாகத் தடித்து முதல் அசையை மூடும். ஆக நான் மகளுக்குச் சொன்ன ஃபி-னெஸ்-த்ரா, எழுத்துக்குப் பிழை, காதுக்குச் சரி. வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னேன். "ரீச்சரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ அம்மா" என்றாள்.

குறைகளும் இருக்கின்றன. 'எ', 'ஒ' இரண்டுக்கும் திறந்த ஒலி, மூடிய ஒலி என்று வித்தியாசம் உண்டு. 'பெஸ்கா'வைத் திறந்து சொன்னால் பீச் பழம், மூடிச் சொன்னால் மீன்பிடி. இந்த வகுப்பில் அது வரவே வராது. கேட்டதற்கு, "சிசிலியில் நாங்கள் எல்லாவற்றையும் திறந்துதான் சொல்வோம், எனக்கே தெரியாததை எப்படிப் படிப்பிப்பேன்?" என்றா. நேர்மையான பதில்தான். ஆனால் வடக்கே மிலானோப் பக்கம் வேலைக்குப் போக இருப்பவர்கள் இங்கே கற்றதை அங்கேயும் செல்லும் என்று நம்பிப் போகவேண்டாம். தரப்பட்ட ஃபோட்டோப் பிரதிகள் நாலாம் தலைமுறைப் பிரதி. சிறு கோடுகள் பாதி அழிந்துவிட்டன. அசை பிரிக்கும் தாளில் கோடு அழிந்தால் மிச்சம் என்ன இருக்கிறது? ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் கலியாணம் என்று வகுப்பு நடக்கவில்லை, அடுத்த கிழமைக்குத் தள்ளினார்கள், முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்டுப் பழக ஒலிப்பதிவு எதுவும் தருவதில்லை.

அந்தக் கடைசிக் குறைக்கு ஒரு மருந்து சொல்கிறேன். இத்தாலிய வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான ராய் 1969இல் முதன்முதல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியைச் சுருக்கமாக 'தொப்' என்பார்கள். இப்போது அது இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. சொல்லைப் போட்டால் அழுத்தம் எங்கே என்று காட்டும், சொல்லியும் காட்டும். திறந்ததா மூடியதா என்பதும் அதிலே இருக்கிறது. வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும்போது சந்தேகமான சொற்களைக் குறித்து வந்து, இரவில் அதிலே பார்ப்பேன். இரண்டையும் சேர்த்துத்தான் எனக்குப் பலன் கிடைத்தது. அகராதி மட்டும் போதுமே என்று இவர் கேட்டார். போதாது. அகராதி என் கையைப் பிடித்துத் தட்டாது.

மொத்தத்தில், ஐந்துக்கு நாலு போடுவேன். பத்து வருடத்துக்கு மேல் இங்கே இருந்து, கதைப்பது எல்லோருக்கும் விளங்குகிறது, ஆனாலும் சொன்னதைத் திரும்பச் சொல்லவேண்டி வருகிறது என்பவர்களுக்கு இது சரியான இடம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை விட்டிருக்கிற தாய்மாருக்கும். புதிதாக வந்து சொல்லே தெரியாதவர்கள் ஒரு வருடம் பொறுத்துப் போகலாம். பதியும்போது 60 யூரோவையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். இரண்டு தவணையாகத் தரலாமா என்று கேட்டால் ஓம் என்பார்கள், நான் அப்படித்தான் கட்டினேன். கொப்பியும் பேனையும் நீங்கள்தான் கொண்டுபோகவேண்டும். பத்துக்கு என்றால் ஒன்பதே முக்காலுக்குப் போய் முன்வரிசைக் கதிரையைப் பிடியுங்கள். யன்னல் பக்கம் இருந்தால் கீழே சந்தைக்காரர் கூவி விற்கிற சத்தத்தில் கைதட்டு கேட்காது. அவர்கள் தோடம்பழம் விற்க "அராஞ்செ! அராஞ்செ!" என்று அழுத்தம் விழும் இடத்தைத்தான் இழுத்து இழுத்துக் கூவுகிறார்கள். அதுவும் காசில்லாத பாடம்தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பாடத்தைத்தானே கேட்கலாம்.